கருணை மனு அல்ல, திருத்த மனு

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாள் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று டிசம்பர் 6. நாளை டிசம்பர் 7, படைவீரர் கொடி நாள். 1949 முதல் அந்த நாளில் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னக் கொடி கொடுத்து நன்கொடை வாங்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நீங்களும் காசு கொடுத்திருப்பீர்கள். இந்த இரண்டு நாளும் காலண்டரில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது தற்செயல். ஆனால் நம் தெருக்களில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருக்கின்றன. சுவரில் அண்ணலின் படம் மாட்டியிருக்கும். பரண்மேல் ஒரு பச்சை இரும்புப் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில் பட்டாளத்துக்குப் போன ஒருவரின் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். அப்படி ஒரு பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் எழுத்தாளன் அல்ல. திருச்சியில் தொழில் செய்யும் சாதாரண வக்கீல். என் வேலையில் பாதி மனு எழுதுவது. பட்டா மனு, முதியோர் உதவித்தொகை மனு, சாதிச் சான்றிதழ் மனு. சென்ற ஆண்டு கோடையில் ஸ்ரீரங்கத்துக்கு அந்தாண்டை, கொள்ளிடக் கரையோரக் குடியிருப்பிலிருந்து ஒருவர் வந்தார். வயது 57. ஓர் அடுக்குமாடி வீட்டில் ராத்திரி வாட்ச்மேன். பெயர் சொல்ல மாட்டேன். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஊரில் அவரை மிலிட்டரிக்காரர் என்று கூப்பிடுகிறார்கள். நான் அண்ணே என்று கூப்பிடுகிறேன்.

ஒரு மஞ்சப்பையிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். “தம்பி, இதுல ஒரு வரி தப்பா இருக்கு. அதை மாத்தணும்” என்றார். பென்ஷன் வேண்டும் என்று கேட்கவில்லை. வரியை மாற்ற வேண்டும் என்றுதான் கேட்டார்.

அந்த வரி

அவர் 1986-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். 13 வருடம் 5 மாதம் கழித்து, 1999 கடைசியில் வெளியேற்றப்பட்டார். சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 வருடச் சேவை வேண்டும். ஒரு வருடத்துக்குள் குறைந்தால் அந்தக் குறையை மன்னிக்க விதி உண்டு. இவருக்கோ 19 மாதம் குறைகிறது. ஆகவே பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாததால் முன்னாள் படைவீரர்களுக்கு 2003-இல் தொடங்கப்பட்ட மருத்துவத் திட்டமும் இல்லை.

அவர் வெளியேற்றப்பட்டதற்குக் காரணம் நான்கு சிவப்பு மைப் பதிவுகள். பட்டாளத்தில் இதை ரெட் இங்க் என்ட்ரி என்பார்கள். சிப்பாய் தவறு செய்ததாகச் சொன்னால் கமாண்டிங் ஆபீசர் முன்னால் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி நிறுத்துவார்கள். 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி கமாண்டிங் ஆபீசரே விசாரித்து, 28 நாள்வரை காவலில் வைக்கும் தண்டனையைக் கொடுக்கலாம். வக்கீல் கிடையாது. சில நேரம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். காவல், கடும் கண்டனம் போன்ற பெரிய தண்டனையாக இருந்தால் அவருடைய தண்டனைத் தாளில் சிவப்பு மையில் ஏறும். அப்படி நான்கு ஏறிவிட்டால், திருந்தாதவர், இனி தேவையில்லாதவர் என்று ராணுவ விதி 13-இன்கீழ் அனுப்பிவிடுவது வழக்கமாக இருந்தது.

மாணவர்களுக்கு ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்மிஸ் வேறு, டிஸ்சார்ஜ் வேறு. டிஸ்மிஸ் செய்யப்பட்டவருக்கு அதற்கு முன் எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் பென்ஷனோ கிராஜுவிட்டியோ கிடையாது. 1961-ஆம் ஆண்டின் ஓய்வூதிய விதிகளில் 113-ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. விதிவிலக்காகக் குடியரசுத் தலைவர் மனம்வைத்தால் உண்டு. ஆகவே டிஸ்மிஸை டிஸ்சார்ஜாக மாற்றக் கேட்டு வாழ்நாள் முழுக்க அலைகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆனவர்களிலும் நல்ல எழுத்தோடு வந்தவர், கெட்ட எழுத்தோடு வந்தவர் என்று இரண்டு சாதி உண்டு. 1979-இல் வந்த மத்திய அரசின் மறுவேலை விதிகளில் முன்னாள் படைவீரர் யார் என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. ஒழுங்கீனத்துக்காகவோ திறமைக் குறைவுக்காகவோ வெளியேற்றப்பட்டவர் அந்த விளக்கத்துக்கு வெளியே நிற்கிறார். பனியிலும் பாலைவனத்திலும் 13 வருடம் நின்றவர், காகிதத்தின்படி முன்னாள் படைவீரரே இல்லை.

இது வயிற்றுக்குள் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் கேட்பார்கள். நல்ல எழுத்து இருந்தால் வங்கி வாசல், இல்லாவிட்டால் அடுக்குமாடி வீட்டு வாசல். இந்த அண்ணன் 20 வருடத்துக்கு மேலாக அந்தப் புத்தகத்தை யாரிடமும் காட்டாமல், பட்டாளத்தில் இருந்ததே இல்லை என்று சொல்லி வாட்ச்மேன் வேலை பார்த்தார். “பொய் சொன்னாத்தான் தம்பி வேலை. உண்மையைச் சொன்னா, ஏன் அனுப்புனாங்கன்னு அடுத்த கேள்வி வரும்” என்றார்.

நான்காவது பதிவு

நான்கில் இரண்டு பதிவுகள் லீவு முடிந்து தாமதமாகப் போனதற்கு. ஒருமுறை அப்பா இறந்துபோனார். காரியம் முடித்துப் போக ஒன்பது நாள் தாமதம். இன்னொருமுறை கொள்ளிடத்தில் தண்ணீர் வந்து குடிசை சரிந்தது. மூன்றாவது, குடித்திருந்தார். அதை அவர் மறுக்கவில்லை. “குடிச்சேன், தண்டனை வாங்கினேன், அது கணக்குச் சரி” என்றார்.

நான்காவதுதான் அவர் சொன்ன வரி. மேலதிகாரியிடம் மரியாதையில்லாமல் பேசியதாகக் குற்றச்சாட்டு. 14 நாள் காவல். அதில் எழுதப்படாதது என்ன என்று கேட்டேன். உடனே சொல்லவில்லை. மூன்றாவது முறை வந்தபோது சொன்னார். லங்கரில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது இவர் கரண்டியைத் தொட்டதற்காகக் கூடப் பணிசெய்த ஒருவர் சாதிப் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னார். இவர் தட்டைத் தள்ளிவிட்டார். சத்தம் கேட்டு வந்த மேலதிகாரி இவரைத்தான் வெளியே போகச் சொன்னார். இவர் ஏன் என்று கேட்டார். அந்த ஏன் என்ற கேள்விதான் மரியாதையில்லாத பேச்சு ஆனது.

குற்றப்பத்திரிகையில் மறுபேச்சு எழுதப்பட்டது. முதல் பேச்சு எழுதப்படவில்லை. அதை எழுத அந்தத் தாளில் இடமும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-இல். ஆனால் பாளையத்துக்குள் இருக்கும் ஒரு சிப்பாய்க்கு அது எந்தத் தொலைவில் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாம் போட்ட பழைய மனுக்கள்

தோழர்களே, பட்டாளத்துக்கும் நமக்கும் உள்ள உறவு அந்த லங்கரில் தொடங்கியது அல்ல. நாம் இருக்கும் இந்த ஊரே ஒரு பாளையம்தான். கண்டோன்மென்ட் என்று பஸ்காரர் கத்துகிறாரே, அந்தப் பெயர் கும்பெனிப் படை இங்கே தங்கியதால் வந்தது. 1752 ஜூன் மாதம் பிரெஞ்சுத் தளபதி ழாக் லா, ஸ்ரீரங்கம் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். கோயில் மதில்கள் அன்று கோட்டை மதில்களாக இருந்தன. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்னைப் படை வளர்ந்தது. அதில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். குறிப்பாகப் பாலம் கட்டுகிற, பாதை வெட்டுகிற சாப்பர்கள், பயனியர்கள் படைகளில். தம்பி என்று இந்தியா முழுவதும் பட்டாளத்தில் அழைக்கப்படுகிற மெட்ராஸ் சாப்பர்களின் வரலாற்றில் நம் பாட்டன்களின் தோள் இருக்கிறது.

பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று நடந்த கோரேகான் போரின் நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. 1927-இல் அண்ணல் அங்கே போய் நின்றார். அண்ணலின் அப்பா ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார். அண்ணல் 1891-இல் பிறந்ததே மாவ் பாளையத்தில்தான். அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில் என்ன நடந்தது? 1857-க்குப் பிறகு மெல்ல மெல்ல உருவாகிவந்த போர்க்குலம் என்ற கொள்கை முழு வடிவம் எடுத்தது. ராபர்ட்ஸ் பிரபு என்ற தளபதி, தென்னாட்டு ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்றார். மகர்களைப் பட்டாளத்தில் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. ஒரு சிப்பாயை அனுப்பும்போது குறைந்தபட்சம் நான்கு பதிவுகளாவது காட்டுகிறார்கள். இங்கே எந்தப் பதிவும் இல்லாமல் முழுச் சமூகங்களுக்குமே தேவையில்லை என்று எழுதிவிட்டார்கள்.

அப்போது நம்மவர்கள் என்ன செய்தார்கள்? மனு எழுதினார்கள். ஓய்வுபெற்ற ராணுவ வீரரான கோபால் பாபா வலங்கர் 1894-இல் மனு எழுதினார். பயன் இல்லை. 1910-இல் சிவ்ராம் ஜன்பா காம்ப்ளே லண்டனில் இருந்த இந்திய அமைச்சருக்கே மனு அனுப்பினார். முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917-இல் 111-ஆவது மகர் படை உருவானது. போர் முடிந்ததும் 1921-இல் கலைக்கப்பட்டது. மறுபடி போர் வந்தது. மறுபடி ஆள் தேவைப்பட்டது. 1941-இல், அண்ணலும் வலியுறுத்திவந்த மகர் ரெஜிமென்ட் பிறந்தது. 1943-இல் சமார் ரெஜிமென்ட் உருவானது. 1946-இல் அதையும் கலைத்தார்கள். வேண்டும்போது கூப்பிடுவது, வேண்டாதபோது காகிதத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவது. இது ஒரு சிப்பாயின் கதை என்று நினைத்தேன். பார்த்தால் இரண்டு நூற்றாண்டின் கதை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்ததைப் பெருமையாகப் பேசத்தான் வேண்டுமா என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பர்மாவிலும் ஆப்பிரிக்காவிலும் யாரை அடக்க நம்மைக் கொண்டுபோனார்கள் என்பதையும் நாம் பேச வேண்டும். ஆனால் அந்தக் காலத்தில் ஊர்ச் சேவகத்திலிருந்து தப்ப, எழுத்து படிக்க, சம்பளம் காசாக வாங்க நமக்குத் திறந்திருந்த மிகச் சில கதவுகளில் ஒன்று பட்டாளம். ராம்ஜி சக்பால் பட்டாளப் பள்ளிக்கூடத்தில் கற்பித்தவர். அந்த வீட்டில் எழுத்து இருந்தது. அந்தக் கதவை மூடியதை எதிர்த்த மனுக்கள் துப்பாக்கிக்காக எழுதப்பட்டவை மட்டும் அல்ல.

கடல்தாண்டி ஒரு கதை

அமெரிக்காவில், 1906 ஆகஸ்டில், டெக்சாஸ் மாநிலத்தின் பிரௌன்ஸ்வில் ஊரில் ராத்திரி துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒருவர் இறந்தார். 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள்மேல் பழி விழுந்தது. யார் சுட்டது என்று நிரூபிக்கவில்லை. விசாரணை மன்றம் கூடவில்லை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் மரியாதையின்றி வெளியேற்றினார். பென்ஷனை நெருங்கியவர்களும் அதில் இருந்தார்கள். 66 ஆண்டுகள் கழித்து, 1972-இல்தான் அந்த ராணுவம் அவர்களுடைய வெளியேற்றத்தை மரியாதையான விடுவிப்பாக மாற்றி எழுதியது. அப்போது அதைக் கையில் வாங்க ஏறத்தாழ யாருமே மிச்சமில்லை. டோர்சி வில்லிஸ் என்ற முதியவர் இருந்தார். மினியாபொலிஸ் நகரத்து முடிதிருத்தகம் ஒன்றில் ஏறத்தாழ 60 ஆண்டுகள் மற்றவர்களின் செருப்புக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். அந்த வேலையைக் கேட்டதும் உங்களுக்கு யார் நினைவு வந்தார்களோ, எனக்கும் அவர்களே நினைவு வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை என்று நீலக் காகிதத்தில் ஒரு விடுவிப்பு கொடுத்தார்கள். 1941 முதல் 1945 வரை அப்படிப் பெற்ற 48,603 பேரில் 10,806 பேர் கறுப்பினத்தவர். படையில் அவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. நீலக் காகிதத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பேர். கறுப்பினப் பத்திரிகைகள் இதை விடாமல் எழுதின. 1947-இல் நீலக் காகிதம் ஒழிந்தது. அந்த நாட்டில் விடுவிப்பின் தரத்தைத் திருத்தக் கேட்பதற்கென்றே 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி வாரியம் ஏற்பட்டது. இன்றும் இருக்கிறது. அது எல்லாருக்கும் நியாயம் செய்துவிடுகிறது என்று சொல்ல வரவில்லை. கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது என்கிறேன். அந்த எண்ணிக்கையையும் கவனியுங்கள். யாருக்கு எந்தக் காகிதம் போனது என்று இனவாரியாக எண்ணியதால்தான் அநீதி கண்ணுக்குத் தெரிந்தது.

நம்மிடம் இருக்கும் கதவுகள்

நம்மிடம் அப்படித் தனி வாரியம் இல்லை. ஆனால் கதவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இது செயற்பாட்டாளர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய பகுதி.

முதலாவது, நான்கு சிவப்பு மை விழுந்தால் அனுப்பியே தீர வேண்டும் என்பது சட்டம் அல்ல. ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28 தேதியிட்ட கடிதத்தில் அதைச் சொல்லியிருக்கிறது. முதலில் ஒரு விசாரணை நடத்த வேண்டும். குற்றத்தின் தன்மை, எத்தனை வருடச் சேவை, எவ்வளவு கடினமான இடங்களில் நின்றவர் என்பதையெல்லாம் பார்க்க வேண்டும். 2015 அக்டோபரில் வீரேந்திர குமார் துபே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்று உறுதிசெய்தது. அந்த வீரரை, பென்ஷனுக்கு வேண்டிய காலம்வரை பணியில் இருந்ததாகவே கருதவும் உத்தரவிட்டது. பிறகு 2019-இல் சத்குர் சிங் வழக்கில், அந்த விசாரணை பெரிய அளவில் முறைப்படி நடக்கவேண்டியதில்லை, விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுத்தால் போதும் என்ற அளவுக்கு அது சுருங்கியது. இரண்டையும் தெரிந்துகொண்டு போனால்தான் ஏமாறாமல் இருக்கலாம்.

இரண்டாவது, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது. சென்னையிலும் அமர்வு உண்டு. அதற்கு முன் ராணுவத்திடமே மனு கொடுத்திருக்க வேண்டும். ஆறு மாதம் பதில் வராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தீர்ப்பாயத்தில் தோற்றால் டெல்லிக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை 2015 முதல் இருந்தது. கொள்ளிடக் கரையிலிருந்து டெல்லிக்கு யார் போவது? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் பறிக்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது.

மூன்றாவது, தாமதம். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவது தொடர்ந்து நடக்கும் தவறு, ஆகவே தாமதமாக வந்தாலும் கேட்கலாம், பாக்கி மட்டும் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் என்று 2008-இல் தர்செம் சிங் வழக்கில் சொல்லப்பட்டது. ஆனால் வெளியேற்ற உத்தரவையே எதிர்க்கும்போது தாமதம் பெரிய சுவர். அதைத் தாண்ட, ஏன் தாமதம் என்று நேர்மையாக விளக்க வேண்டும்.

நான்காவது, இதைத் தெருத்தெருவாகச் சொல்லுங்கள். பென்ஷன் பெறாத சிப்பாயின் ஆவணங்களை 25 ஆண்டுதான் வைத்திருப்பார்கள். அதன்பின் அழித்துவிடலாம். இந்த அண்ணன் என்னிடம் வந்தபோது அந்த 25 ஆண்டு முடிய எட்டு மாதம்தான் பாக்கி. அன்றைக்கே தகவல் உரிமைச் சட்டத்தில் அவருடைய ஆவணங்களின் நகலைக் கேட்டு எழுதினோம்.

ஐந்தாவது, வக்கீலுக்குக் காசு இல்லை என்று யாரும் திரும்பிப் போக வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் போதும்.

ராணுவச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு சிப்பாயை அனுப்பும்போது யார் அனுப்பினார், என்ன காரணம், மொத்தச் சேவை எவ்வளவு என்று ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். எந்த மொழியில்? அவருடைய தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இந்த அண்ணன் கையில் இருந்தது ஆங்கிலம் மட்டுமே. அவர் எட்டாவது படித்தவர். தன்னைப் பற்றி எழுதிய அந்த வரிக்கு முழு அர்த்தம் என்ன என்று, வெளியே வந்து மூன்று வருடம் கழித்து, ஒரு வாத்தியார் படித்துச் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை ஆள் குறைப்பில் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். தாமதம் ஏன் என்ற கேள்விக்கு எங்கள் மனுவில் முதல் பதில் இதுதான்.

மனு எழுதிய கதை

நான் எழுதிய முதல் நகல் வழக்கம்போலத் தொடங்கியது. சமூகம் அவர்களின் பொற்பாதங்களுக்கு என்று எழுதாவிட்டாலும், கருணை கூர்ந்து என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். தமிழில் படித்துக் காட்டினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“கருணை எதுக்கு தம்பி? நான் தப்பு பண்ணிட்டு மன்னிப்பா கேக்குறேன்? தப்பா எழுதியிருக்கு, திருத்துங்கன்னு கேக்குறேன். அந்த வார்த்தையை எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டேன். வக்கீல் வேலையில் முப்பது வருடம் இருந்து நான் கற்காததை எட்டாவது படித்தவர் கற்றுக்கொடுத்தார். வலங்கர் காலத்திலிருந்து நம் மனுக்களில் இந்த இரண்டு குரலும் இருந்திருக்கும். ஒன்று கையேந்தும். இன்னொன்று கணக்குக் கேட்கும்.

அடுத்த சண்டை நான்காவது பதிவைப் பற்றியது. நான் சொன்னேன்: “அண்ணே, விசாரணை நடத்தலை, நோட்டீஸ் சரியில்லை, 1988 கடிதத்தைப் பின்பற்றலை. இதை மட்டும் சொன்னா ஜெயிக்க வாய்ப்பு இருக்கு. சாதி விஷயத்துக்கு ஆதாரம் இல்லை. அதைச் சேர்த்தா, இத்தனை வருஷம் கழிச்சுக் கதை கட்டுறார்னு சொல்லுவாங்க. மத்ததும் கெட்டுப்போகும்.”

இது சரியான சட்ட ஆலோசனை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “அன்னிக்கும் அதைத்தான் எழுதாம விட்டாங்க. இன்னிக்கு நீங்களும் விட்டுட்டா, நடக்கவே இல்லேன்னு ஆயிடும்ல?”

அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெயிப்பதற்காகச் சாதியை மறைக்கச் சொன்னது நான். வாடகை வீடு பார்க்கும்போதும் வேலைக்குப் போகும்போதும் நாம் செய்வதைத்தான் சட்ட ஆலோசனை என்ற பெயரில் சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. அவருக்குச் சர்க்கரை நோய். மருந்துச் செலவுக்கு ராத்திரி வேலை. பென்ஷன் வந்தால் உயிர் நீளும். என்னுடைய கொள்கைக்காக அவருடைய வழக்கைப் பலவீனப்படுத்த எனக்கு உரிமை உண்டா? இதற்கு எனக்கு இன்றும் முழுப் பதில் இல்லை. வழக்கு அவருடையது, முடிவும் அவருடையது என்பது மட்டும் தெரிந்தது.

சாட்சி தேடினோம். அன்று அந்த வரிசையில் பின்னால் நின்றவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். வேறு சமூகத்தவர். ஹவில்தாராக ஓய்வுபெற்றவர். இருவரும் போய்ப் பார்த்தோம். டீ கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும், ரெஜிமென்ட் மானம் என்று இழுத்தார். வேண்டாம், விடுங்கள் என்றார். திரும்பி வந்துவிட்டோம். ஒரு மாதம் கழித்து அவரே போன் செய்தார். சொந்தச் செலவில் நோட்டரி முன் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். மொத்தம் ஒரு பக்கம். அதன் சாரம் இரண்டே செய்தி. அந்த வார்த்தையைச் சொன்னது உண்மை. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை என்பதும் உண்மை.

அந்தத் தாளை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மடித்துத் தரச் சொல்லி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “இவனுக்கும் இருபத்தஞ்சு வருஷமா உறுத்தியிருக்கு பாருங்க” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

நான்காவது பதிவின் முழுக் கதையோடும், அந்தப் பிரமாணப் பத்திரத்தோடும்தான் மனு போயிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை. என்ன வரும் என்று என்னால் சொல்ல முடியாது. பென்ஷன் கிடைத்து, அந்தச் சாதி வார்த்தையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லாமல் போகலாம். அதற்கும் அவர் தயாராக இருக்கிறார். மனுவில் ஏறிவிட்டது, இனி அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது என்கிறார்.

மாணவர்களிடம் கேட்பது

2022-இல் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு வருடம் பணி. நூற்றுக்கு இருபத்தைந்து பேர்வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். பென்ஷன் இல்லை. அதிகாலையில் கொள்ளிடக் கரைக்குப் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். இந்த அண்ணனின் அண்ணன் பேரனும் அதில் ஒருவன். நான்கு வருடத்தில் வெளியே வரும் பிள்ளைக்குக் கையில் மிஞ்சப்போவது கொஞ்சம் பணமும் ஒரு காகிதமும். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது, தமிழில் எழுதியிருக்கிறதா என்று இனி யார் பார்ப்பது? நாம்தான்.

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து வந்து பென்ஷன் இல்லாமல் இருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவர்கள் தாமாக வர மாட்டார்கள், வெட்கப்பட்டு ஒதுங்கியிருப்பார்கள். அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். காகிதத்தை அவருக்குப் புரியும்படி தமிழில் படித்துக் காட்டுங்கள். தேதியைப் பாருங்கள். 25 வருடம் ஆகவில்லை என்றால் அன்றே நகல் கேட்டு எழுதுங்கள். ஆகிவிட்டது என்றாலும் எழுதுங்கள். அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்துத் தெருவில் இப்படிக் குறித்தால் நம்மிடமும் ஓர் எண்ணிக்கை இருக்கும். யாருக்கு எந்தக் காகிதம் போனது என்று நாமும் கேட்கலாம்.

இங்கே வருவதற்கு முன் அண்ணனிடம், இன்று உங்களைப் பற்றிப் பேசப்போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டேன். ராத்திரி டியூட்டி இருக்கிறது என்றார். என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். “பேரு சொல்லாதீங்க. மத்ததெல்லாம் சொல்லுங்க. அந்த நாலாவது பதிவை விட்டுடாதீங்க” என்றார்.

சொல்லிவிட்டேன்.